அக்கரையில் ஒரு வாதக்காரர்

தம்பி கடலில் காணாமல் போவதற்கு முந்திய கிழமை, முகம் தெரியாத ஒரு மனிதரோடு நான் மழையைப் பற்றிச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தேன்.

மன்னார்த் தீவில் காற்றாலைக் கோபுரங்கள் எழும்பிய பிறகு மழை குழம்பிப்போனது என்பது எங்கள் பக்கத்தில் பலரும் சொல்வது. பெய்ய வேண்டிய நேரத்தில் முகில் ஊரைத் தாண்டிப் போய்விடுகிறது, பெய்தால் தெரு ஒழுங்கையெல்லாம் குளமாகிறது என்று நான் வேலை செய்கிற கந்தோரில் சொல்வார்கள், மீன் சந்தையில் சொல்வார்கள், பஸ்ஸில் சொல்வார்கள். நானும் அதைத்தான் எழுதினேன். "இது எங்கள் கண்ணால் கண்டது" என்று அழுத்தியும் எழுதினேன். அவர் உடனே பதில் போட்டார்: "உங்கள் கண் மழையைக் கண்டது. காற்றாலையையும் கண்டது. ஒன்று மற்றதைத் தடுத்ததை எப்போது கண்டது?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மதியச் சாப்பாட்டுப் பார்சலைத் திறந்தபடியே வைத்துவிட்டு, ஆறிய சோற்றுக்கு முன்னால் இருந்து நீளமாக ஒரு பதில் எழுதினேன். அதற்கும் அவர் பதில் எழுதினார். பின்னேரம் பஸ்ஸில் என் ஊரான வங்காலைக்குத் திரும்பும்போதும் அதே வேலைதான். இறங்கவேண்டிய இடம் வந்ததைக் கண்டக்டர்தான் கூப்பிட்டுச் சொன்னார்.

கொரோனாவில் ஊர் அடைபட்டுக் கிடந்த காலத்தில் நான் அந்த இணையக் குழுவில் சேர்ந்தேன். அறிவியலும் நம்பிக்கையும் பற்றித் தமிழில் பேசுவதற்கென்று யாரோ தொடங்கிய குழு. லண்டன், டோஹா, மட்டக்களப்பு, சென்னை, கோயம்புத்தூர் என்று எங்கெங்கோ இருந்து ஆட்கள். கடவுள் உண்டா என்று தொடங்குகிற பேச்சு, காய்ச்சலுக்குத் தலை முழுகலாமா என்று போய், கிரகணத்தன்று கர்ப்பிணி வெளியே போகலாமா என்று திரும்பி, கடைசியில் ஒருவரின் பிறந்த ஊரை மற்றவர் இழுத்துப் பேசுவதில் முடியும். தலைமன்னாருக்கு அப்பால் கிடக்கிற மணல் திட்டுகளை ராமர் கட்டினாரா, ஆதாம் கடந்தாரா என்று அந்த மணலைக் கண்ணாலும் காணாத இருவர் ஒரு மாதம் அடிபட்டார்கள். கல்யாணம் செய்யாத, கந்தோரும் கோயிலும் வீடும் என்று வாழ்கிற ஒருத்திக்கு அது ஒரு சந்தை மாதிரி இருந்தது. சத்தம் நிறைந்த, நல்ல சந்தை.

நான் நம்பிக்கைக்காரி. எங்கள் கத்தோலிக்க ஊரில் வேறு மாதிரிப் பிறக்க முடியாது. ஆனால் வாய் சும்மா இராது. மழைக்காக என்னோடு சண்டை பிடித்தவருக்கும் அப்படித்தான். அவர் தூத்துக்குடிக்காரர். பல வருடம் சரக்குக் கப்பல்களில் வேலை செய்து, முழங்கால் வலியோடு ஊருக்குத் திரும்பித் தனியாக இருக்கிறவர். சின்ன வயதில் கோயிலில் பூசைக்கு உதவி செய்த பையனாம். பிறகு நம்பிக்கையையே விட்டுவிட்டாராம். குழுவில் அவருடைய படம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு சாம்பல் பூனை கதிரையில் படுத்திருக்கும். அதனால் எங்கள் வீட்டில் அவருக்குப் பூனைக்காரர் என்று பெயர்.

ஒருதரம் என் அடையாள அட்டை தொலைந்து, அந்தோனியாரிடம் மன்றாடிவிட்டுத் தேட, அலுமாரிக்குப் பின்னால் கிடைத்தது. அதைக் குழுவில் எழுதினேன். "தேடியது உங்கள் கை, பெயர் வாங்கியது அந்தோனியார்" என்று அவர் எழுதினார். "கையை அங்கே கொண்டுபோனவர் ஆர்?" என்று நான் கேட்டேன். இரண்டு நாள் அதிலேயே போனது. ஆனால் அவர் ஒருநாளும் என்னைக் கேவலப்படுத்தியதில்லை. மன்னார்த் தீவின் பெருக்க மரங்களை, அந்தப் பருத்த பாவோபாப் மரங்களை, போர்த்துக்கீசர் கொண்டுவந்ததாக ஒருமுறை எழுதினார். அராபிய வணிகர் என்றுதான் நாங்கள் கேள்விப்பட்டோம் என்று எழுதினேன். எங்கேயோ தேடிப் பார்த்துவிட்டு, "நீங்கள் சொன்னதே சரியாகத் தெரிகிறது. நான் பிழை" என்று எல்லோருக்கும் தெரிய எழுதினார். அந்தக் குழுவில் தோற்றவர்கள் சத்தமில்லாமல் மறைந்துவிடுவார்கள். தோற்றேன் என்று எழுதிவிட்டுப் போகிற ஒரே ஆள் அவர்.

தம்பிக்கு இதெல்லாம் பெரிய பகிடி. அவன் எனக்குப் பத்து வயது இளையவன். பக்கத்து வளவில் மனைவியோடும் சின்ன மகளோடும் இருந்தான். ஞாயிறு பூசை முடிந்து வந்து, கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டே என்னைச் சீண்டுவான்.

"அக்கா, ஆரெண்டு தெரியாத ஆக்களோட ஏன் இந்தக் கொழுவல் கொழுவுறாய்? சம்பளம் ஏதும் தாறாங்களோ?"

"நீ கடலோட கொழுவுறாய். நான் உவையோட கொழுவுறன்."

"சரி சரி. உந்தப் பூனைக்காரரிட்ட ஒண்டு சொல்லு. கடவுளைப் பிறகு பாப்பம், முதல்ல உங்கட இழுவைப் படகுகளை வீட்ட வைச்சிருங்கோ எண்டு சொல்லு. எங்கட வலையெல்லாம் அறுத்துக்கொண்டு போறாங்கள்."

நான் அப்படியே எழுதினேன். "தம்பி கேட்பது நியாயம். என் ஊர்க்காரர்கள் செய்வது தவறு. அதையும் என் பெயரிலேயே எழுதுகிறேன்" என்று பதில் வந்தது. அவருடைய ஊர்க்காரர் சிலர் அதற்காக அவரைக் கிழித்தார்கள். வாசித்துக் காட்ட, தம்பி ஊசியை நிறுத்திவிட்டுச் சிரித்தான். "ஆள் பரவாயில்லை" என்றான்.

அது மார்கழி. கோயிலில் நத்தாருக்குக் கிறிஸ்து பிறப்புக் குடில் கட்டத் தொடங்கியிருந்தார்கள். சில நாள் கடல் கொந்தளித்து ஒருவரும் போகவில்லை. பிறகு ஒரு காலை அடங்கிக் கிடந்தது. தம்பியின் நண்டு வலைகள் கடலில் கிடந்தன. அப்படியே விட்டால் வலையும் போகும், பட்ட நண்டும் பழுதாகும். அவனோடு தொழிலுக்குப் போகிறவர் காய்ச்சலில் படுத்திருந்தார். கிட்டத்தானே, போய்த் தூக்கிக்கொண்டு வாறன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டுத் தனியே போனான். ஊரில் எல்லோரும் செய்கிற காரியம்தான். அன்று காலையில் வேறு வள்ளங்களும் போயின.

மத்தியானத்துக்கு முன் வாடைக் காற்று எழும்பிவிட்டது. மற்ற வள்ளங்கள் வந்து சேர்ந்தன. கந்தோருக்கு அம்மா போன் எடுத்தபோது நான் ஒரு கோப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். "பிள்ளை, தம்பி இன்னும் வரேல்லை" என்று மட்டும் சொன்னா. குரலில் பதற்றம் இருக்கவில்லை. பஸ்ஸில் தீவை விட்டுப் பாலத்தால் வரும்போது இரண்டு பக்கமும் தண்ணீர் வெள்ளையாகப் பொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கண்ட பிறகுதான் அம்மா சொன்னது எனக்கு விளங்கியது.

காற்றுக்குள்ளேயே ஊர்ப் பெடியன்கள் வள்ளங்களை இறக்கிப் போனார்கள். கடற்படையும் தேடியது. தம்பி வலை போட்ட இடத்தில் ஒரு மிதவை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. கோயிலைத் திறந்து வைத்துச் செபமாலை சொன்னோம். மச்சாள், தம்பியின் மனைவி, கரையிலேயே நின்றாள். பிள்ளையைத் தூக்கி வைத்திருந்த கை மரத்துப்போயும், இறக்கி விடச் சொன்னாலும் விடமாட்டேன் என்று நின்றாள்.

அடுத்த நாள் நான் குழுவில் எழுதினேன். ஏன் எழுதினேன் என்று இப்போதும் தெளிவாகச் சொல்ல முடியாது. அங்கே ஆட்கள் இருந்தார்கள் என்பதால்தான். தம்பியின் படத்தையும் வள்ளத்தின் படத்தையும் போட்டு, எங்கே, எந்த நேரம் என்று எழுதினேன்.

என்னோடு வருடக்கணக்காக அடிபட்டவர்கள் எல்லாரும் வந்தார்கள். கடவுள் இல்லை என்று எழுதுகிறவர்கள் என்ன எழுதுவதென்று தெரியாமல் ஒரு வரி எழுதினார்கள். செபிக்கிறோம் என்றார்கள் பலர். ஒரு ஆள், "உங்கள் கடற்படை எங்கள் மீனவரைச் சுட்டபோது நீ எங்கே இருந்தாய்?" என்று எழுதியிருந்தது. இன்னொரு ஆள், அவன் படகு ஏறி அவுஸ்திரேலியாவுக்குப் போயிருப்பான், நாடகம் ஆடாதே என்றது. வாசித்துக்கொண்டே போனேன். பூனைக்காரர் அங்கே ஒன்றும் எழுதவில்லை. தனியே எனக்கு எழுதினார்.

அது ஆறுதல் இல்லை, கேள்விகள். வலை கிடந்த இடம் கரையிலிருந்து எவ்வளவு தூரம், எந்தத் திசை? காற்று எழும்பியபோது எங்கே நின்றிருப்பான்? வள்ளம் எவ்வளவு நீளம், என்ன நிறம்? இயந்திரம் முன்பு எப்போதாவது மக்கர் பண்ணியதா? தண்ணீர் எவ்வளவு கொண்டுபோனான்? காய்ச்சலில் கிடந்தவரிடம் ஓடிப் போய்க் கேட்டுக் கேட்டு நான் பதில் எழுதினேன். அதற்குப் பிறகு அவர் கடலின் வரைபடம் ஒன்றை அனுப்பினார். எங்கள் கரையிலிருந்து தென்மேற்காக விரிந்துகொண்டே போகிற ஒரு நிழல், நாளாக நாளாக அகலமாகிற நிழல். "வாடை இப்படியே நின்றால், மிதக்கிற எதுவும் எங்கள் கரைக்குத் தெற்கே வரும்" என்று எழுதியிருந்தார். மிதக்கிற எதுவும் என்ற சொல்லை அவர் எவ்வளவு நேரம் யோசித்திருப்பார் என்று பிறகு நினைத்தேன்.

அந்த வரைபடத்தை எங்கள் மீனவர் சங்கத்துக்காரர்களும் கடற்படைக்காரரும் பார்த்தார்கள். அவர் தன் பக்கத்தில் மீன்பிடித் துறைகளுக்குப் போய், தம்பியின் படத்தையும் வள்ளத்தின் படத்தையும் ஒவ்வொரு படகுக்காரருக்கும் காட்டினார். முழங்கால் வலியோடு. இதை அவர் எனக்குச் சொல்லவில்லை. அங்கிருந்து போன் எடுத்த ஒரு படகுக்காரர்தான் சொன்னார்.

அந்த நாட்களில்தான் இன்னொரு செய்தியும் வந்தது. குழுவில் என் எழுத்தைப் பார்த்த யாரோ ஒருவர், தனக்குத் தரிசனம் கிடைப்பதாகச் சொல்கிறவர், குரலில் பேசி அனுப்பியிருந்தார். "உங்கள் சகோதரர் உயிரோடு இருக்கிறார். இரும்புக் கம்பிகளைக் காண்கிறேன். அவர் உங்கள் தாயைக் கேட்கிறார்." நான் அதைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது அம்மா பின்னால் நின்றிருக்கிறா. எனக்குத் தெரியாது.

"திருப்பிப் போடு" என்றா.

போட்டேன். மறுபடியும் போடச் சொன்னா. அந்த ஆள் காசு கேட்டிருந்தால் கள்ளன் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கலாம். அவர் ஒன்றும் கேட்கவில்லை. நான் பதில் எழுதியும் அதற்குப் பிறகு பேசவுமில்லை. அம்மாவின் மனதில் அந்தக் குரல் போய் இருந்துவிட்டது.

அன்று பின்னேரம் பூனைக்காரரிடம் நேராகக் கேட்டேன். "உயிரோடு இருப்பானா? எனக்காக யோசிக்காமல் சொல்லுங்கள்." ஒரு சொல்தான் வந்தது. "தெரியாது." அதற்குக் கீழே இன்னொன்று: "தப்பிப்பதற்காகச் சொல்லவில்லை. உண்மையாகவே தெரியாது." குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அவன் போனதிலிருந்து நான் அழுதது அதுதான் முதல் தடவை.

நத்தார் வந்து போனது. புது வருடத் திருப்பலியும் முடிந்த பிறகு ஒரு காலை, தெரியாத இந்திய இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தது. குரலை நான் முன்பு கேட்டதே இல்லை. ஆனாலும் பூனைக்காரர் என்று தெரிந்தது.

"நான்தாங்க பேசுறேன். உக்காந்திருக்கீங்களா?"

"ஓம். சொல்லுங்கோ."

"படகு கிடைச்சிருக்கு. இழுவைப் படகுக்காரங்க கட்டி இழுத்துட்டு வந்திருக்காங்க. நான் பக்கத்துலதான் நிக்கிறேன்."

நான் கேட்க முன்னம் அவரே சொன்னார். "படகு மட்டும்தான்மா."

படம் அனுப்பினார். பக்கவாட்டில் தம்பி தன் கையால் ஒட்டுப் போட்ட இடம், நீலத்தில் பொருந்தாத இன்னொரு நீலம். அதைப் பார்க்க வேறு சாட்சி தேவைப்படவில்லை. அவன் ஏசி ஏசித் திரிந்த இழுவைப் படகொன்றுதான் அவனுடைய வள்ளத்தைக் கரை சேர்த்தது. அந்தப் படகுக்காரர் என்னோடு பேசும்போது, "அக்கா, எங்க ஆளு மாதிரிதான் நெனச்சுக் கும்பிட்டு இழுத்துட்டு வந்தோம்" என்றார்.

மச்சாளை முற்றத்துக்குக் கூட்டிப்போய்ப் படத்தைக் காட்டினேன். பார்த்துவிட்டுத் தலையை மட்டும் ஆட்டினாள். பிறகு நான் பூனைக்காரருக்கு எழுதிக் கேட்டேன், உள்ளே என்ன இருந்தது என்று. "சொல்லலாமா?" என்று கேட்டார். சொல்லுங்கள் என்றேன். இயந்திரம் மேலே தூக்கி விடப்பட்டிருந்தது. மூடி கழற்றியிருந்தது. திருத்தப் பார்த்திருக்கிறான். வலையில் பாதி உள்ளே ஏறியிருந்தது. தண்ணீர்க் கலன் வெறுமையாக இருந்தது. தார்ப்பாய்ப் படங்கை இரண்டு தடிகளில் கட்டி, வெயிலுக்கு நிழல் போட்டிருந்தான்.

அந்த நிழல்தான் என்னை இன்றைக்கும் விடுவதில்லை. காற்றில் கவிழ்ந்து உடனே போகவில்லை. நிழல் தேவைப்படுகிற அளவுக்கு நாட்கள் இருந்திருக்கிறான். கடைசியில் என்ன நடந்தது, விழுந்தானா, தாகத்தில் தண்ணீருக்கு இறங்கினானா, ஒரு கப்பலைக் கண்டு நீந்தினானா, எவருக்கும் தெரியாது. படங்கைப் பற்றி நான் வீட்டில் ஒருவருக்கும் சொல்லவில்லை. இதை எழுதும்போதுதான் முதல்முறையாகச் சொல்கிறேன். மச்சாள் இதை வாசிப்பாள். வாசிக்கட்டும் என்று நினைக்கிற அளவுக்கு இப்போது காலம் போயிருக்கிறது.

அம்மாவிடம் வள்ளம் கிடைத்ததைச் சொன்னேன். தாங்கமாட்டா என்று அயலட்டைப் பெண்கள் இரண்டு பக்கமும் இருந்தார்கள். அம்மா கதிரையை விட்டு எழும்பவில்லை.

"வள்ளம் மட்டும்தானே வந்தது? ஆளைக் காணேல்லைத்தானே?"

"ஓம் அம்மா."

"அப்ப ஆளை ஆரோ எடுத்திட்டினம். அந்த மனிசன் சொன்னவர்தானே, கம்பிக்குள்ள இருக்கிறான் எண்டு. இந்தியாவில பிடிச்சு மறியல்ல அடைச்சு வைச்சிருக்கிறாங்கள்."

"அம்மா, மறியலில இருந்தால் பேர் வந்திருக்கும். எங்களுக்கு அறிவிச்சிருப்பினம். எல்லா இடமும் கேட்டாச்சு."

அம்மா என்னைப் பார்த்தா. "உன்ர பூனைக்காரர் ஒவ்வொரு நாளும் என்ன சொல்லுறவர்? காணாததை நம்பக் கூடாதெண்டுதானே? நான் என்ர பிள்ளையின்ர உடம்பைக் கண்டனானே? நீ கண்டனியே?"

இத்தனை வருடம் எத்தனை பேரோடு வாதாடியிருக்கிறேன். ஒருவரும் என்னை அப்படி வாயடைக்க வைத்ததில்லை.

பிரச்சினை அம்மாவோடு மட்டும் நின்றிருந்தால் விட்டிருப்பேன். மச்சாள் ஒருநாள் அலுமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு, உள்ளே பார்த்தபடி நின்றாள். "மச்சாள், நான் எந்தச் சீலையை உடுக்கிறது? அதையெண்டாலும் ஆராவது சொல்லுங்கோ" என்று என்னைக் கேட்டாள். அவள் கேட்டது நிறத்தைத்தான். வெள்ளை உடுத்தால் அம்மாவுக்குக் கோபம். நிறம் உடுத்தால் ஊர் பார்க்கும். அவளுக்கு இறந்தோர் திருப்பலி ஒன்று தேவையாக இருந்தது. செத்துப்போன நாள் தெரியாததால் முப்பத்தோராம் நாளை எங்கிருந்து எண்ணுவதென்றும் தெரியவில்லை. பங்குச் சுவாமியிடம் போனோம். குடும்பம் ஒத்து வந்தால் எந்த நாளும் ஒப்புக்கொடுக்கலாம் என்றார். குடும்பம் ஒத்து வரவில்லை. "உயிரோட இருக்கிற பிள்ளைக்குச் செத்த பூசையோ?" என்று அம்மா வாசலில் நின்று கத்தினா.

நான் பூனைக்காரருக்கு எழுதினேன். காற்று, தண்ணீர், நாட்கள் எல்லாவற்றையும் தெரிந்தவர், நீங்கள் அம்மாவோடு பேசுங்கள், நான் சொன்னால் கேட்கிறா இல்லை, நீங்கள் சொன்னால் கேட்பா என்று.

முடியாது என்றார்.

"ஊருக்கெல்லாம் உண்மை சொல்கிறவர் நீங்கள். தரிசனம் என்று வருகிறவர்களைக் குழுவில் எத்தனை தரம் கிழித்திருக்கிறீர்கள்."

"முகம் தெரியாதவர்களிடம் சொல்வது சுலபம். ஒரு தாயிடம் நான் சொல்லமாட்டேன். அம்மா நம்பட்டும். யாருக்கு என்ன நட்டம்?"

"மச்சாளுக்கு நட்டம். அவளுக்கு இன்னும் முப்பது ஆகவில்லை. இப்படியே வாசலைப் பார்த்துக்கொண்டு இருக்கச் சொல்கிறீர்களா?"

அன்று முழுவதும் எழுதினோம். விசுவாசி நான், அவன் செத்துவிட்டான், அத்தாட்சி இதுதான் என்று அடுக்கினேன். எதையும் நம்பாத அவர், அம்மாவின் நம்பிக்கைக்காக மன்றாடினார். எங்கள் வாதங்களிலேயே அதுதான் மோசமானது. நான் கடுமையாக இரண்டு வார்த்தை எழுதினேன், அவரும் எழுதினார். ஒருவரும் வெல்லவில்லை. நான் குழுவை விட்டு அன்றே விலகினேன். கோபத்தில் இல்லை. அங்கே பேசுகிற எதுவும் எனக்குக் காதில் ஏறவில்லை.

உயிர்ப்புப் பெருவிழா கழிந்த பிறகு, மச்சாளின் தகப்பன் பள்ளிமுனையிலிருந்து வந்து அவளைக் கூட்டிப்போய், அங்கே தங்கள் கோயிலில் திருப்பலிக்கு ஒழுங்கு செய்தார். நான் போனேன். ஊரிலிருந்து பலரும் வந்தார்கள். அன்று காய்ச்சலில் கிடந்தவர் கடைசி வரிசை வாங்கில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். பெட்டி இல்லை, கல்லறைக்குப் போகிற ஊர்வலம் இல்லை. பூசை முடிந்ததும் எல்லாரும் வெளியே வந்து எங்கே போவதென்று தெரியாமல் நின்றோம். மச்சாள் வெள்ளை உடுத்திருந்தாள். மகளோடு தாய் வீட்டிலேயே தங்கிவிட்டாள். அம்மா வரவில்லை.

அதற்குப் பிறகு அம்மா என்னிடம் கைத்தொலைபேசி கேட்டா. பூசைப் பாட்டுகள் கேட்க என்று நினைத்தேன். பழையது ஒன்றைக் கொடுத்தேன். குரலில் பேசினால் எழுத்தாக வரும் என்று பக்கத்து வீட்டுப் பெண் பழக்கிவிட்டிருக்கிறாள். சில மாதம் கழித்து ஒருநாள் கந்தோரில், இந்திய மறியலிலிருந்து விடுதலையான எங்கள் நாட்டு மீனவர்கள் கப்பலால் இறங்குகிற வீடியோ ஒன்றைப் பார்த்தேன். கீழே நூற்றுக்கணக்கில் கருத்துகள். அரசாங்கத்தை ஏசுகிறவர்கள், இந்தியாவை ஏசுகிறவர்கள், ஒருவரையொருவர் ஏசுகிறவர்கள். அவற்றுக்கு நடுவில் ஒன்று. வசனங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, நிறுத்தற்புள்ளி இல்லாமல்:

"தம்பிமார் இதில என்ர மகன் நிக்கிறாரோ நீல வள்ளம் வங்காலை ஆராவது பாத்துச் சொல்லுங்கோ"

நான் கழிப்பறைக்குப் போய் முகம் கழுவிவிட்டு வந்து மற்ற வீடியோக்களையும் தேடிப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் கீழே அம்மா இருந்தா. மறியல் வாசல், நீதிமன்றப் படி, துறைமுகம், எங்கே கொஞ்சம் கறுத்த இளைஞர்கள் வரிசையாக நிற்கிறார்களோ அங்கெல்லாம். சிலர் சிரித்திருந்தார்கள். "போய்த் தூங்கு கிழவி" என்று ஒருவன். ஒரு பெண் "அம்மா என் கணவரையும் தேடுகிறேன்" என்று எழுதியிருந்தாள். அநேகமானவற்றுக்குப் பதிலே இல்லை.

இல்லை, இருந்தது. கீழே போகப் போகக் கண்டேன். ஒவ்வொன்றுக்கும் கீழே, சாம்பல் பூனை.

"பார்த்துவிட்டேன் அம்மா. முழுவதும் பார்த்தேன். இதில் இல்லை."

சிலவற்றில் இன்னும் கொஞ்சம். "மூன்றாவதாக நிற்பவர் சாயல் தெரிந்தது. விசாரித்தேன். அவர் காரைக்கால் ஆள்." அம்மா அதற்கு "நன்றி தம்பி ஆண்டவர் ஆசீர்வதிப்பார்" என்று எழுதியிருந்தா. அவர் யாரென்று அம்மாவுக்குத் தெரியாது. மாதக்கணக்கில் இது நடந்திருக்கிறது. நான் அவரோடு பேசாமல் இருந்த அதே மாதங்கள்.

அன்று பின்னேரம் அவருக்குப் போன் எடுத்தேன். மன்னிப்பு, நன்றி ஒன்றும் எங்களுக்குள் வாய்க்கவில்லை. அம்மாவிடம் போனைக் கொடுத்து, "வீடியோவுக்குக் கீழ எழுதிற தம்பி" என்றேன். அம்மா கண்கள் விரிய வாங்கினா. நிறையக் கதைத்தா. எங்கள் தம்பி சின்ன வயதில் கடல் தண்ணிக்குப் பயந்ததை, அவனுக்குப் பிடித்த கணவாய்க் கறியை. நடுவில் கேட்டா: "தம்பி, பூசைக்குப் போறனீங்களோ?"

"இல்லம்மா. போறதில்ல."

"ஏன்? போங்கோ. ஒருக்காப் போய்ப் பாருங்கோவன்."

அவர் வாதாடவில்லை. "சரிம்மா" என்றது எனக்குக் கேட்டது. போனாரா என்று நான் கேட்டதில்லை.

அதிலிருந்து ஒவ்வொரு புது வீடியோவுக்கும் அம்மா அவரைக் கூப்பிடுவா. அவர் பார்த்துவிட்டுச் சொல்லுவார். ஒவ்வொரு தரமும் இல்லை என்றுதான். ஒவ்வொரு தரமும் அம்மா ஒரு நாள் சாப்பிடாமல் இருந்துவிட்டு மறுநாள் எழும்புவா. நான் இரண்டு பேருக்கும் இடையில் புகுவதில்லை. மச்சாள் பள்ளிமுனையில் தையல் மெசின் வைத்து ஆடை தைக்கிறாள். மகளைக் கூட்டிக்கொண்டு மாதத்தில் ஒரு ஞாயிறு வருவாள். அவள் வெள்ளையில் வந்தாலும் அம்மா இப்போது ஏசுவதில்லை. நிறத்தைப் பார்க்காத மாதிரி இருப்பா. பேத்தியை மடியில் வைத்துத் தலை வாரி விடுவா.

போன மாதம் மறுபடியும் ஒரு கூட்டம் விடுதலையாகி வந்தது. நான் கந்தோரால் வரும்போது அம்மா வாசல் கதிரையில் போனைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தா. வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. முடிந்ததும் மறுபடியும் முதலிலிருந்து விட்டா. முகத்துக்குக் கிட்டப் பிடித்து, ஒவ்வொரு ஆளாக நிறுத்தி நிறுத்திப் பார்த்தா. நான் செருப்பைக் கழற்றாமல் நின்றேன். முடிய, போனைக் கவிழ்த்து மடியில் வைத்தா.

"இதிலயும் இல்லை" என்றா.

எழும்பி உள்ளே போய்த் தேத்தண்ணிக்கு அடுப்பை மூட்டினா. அவருக்குப் போன் எடுக்கவில்லை.

பொழுதுபடுகிற நேரம் அவரே எனக்கு எடுத்தார். "புது வீடியோ வந்திருக்கே, அம்மா ஏன் இன்னும் கேக்கல? உடம்பு ஏதும் சரியில்லையா?"

"சுகமாத்தான் இருக்கிறா. தானே பாத்திட்டா."

அவருடைய ஊரிலும் கடல் கேட்கும் போலிருந்தது, இல்லை, அது லைனின் இரைச்சலாகவும் இருக்கலாம்.

"சாப்பிட்டாங்களா?" என்று கேட்டார்.

நான் குசினியை எட்டிப் பார்த்தேன். அம்மா பாண் துண்டொன்றைப் பிய்த்துத் தேத்தண்ணியில் தோய்த்துக்கொண்டிருந்தா.

"ஓம்" என்றேன். "சாப்பிடுறா."